அத்தை பார்த்த மெனு

கால் முறிந்து கிடந்த ஸ்ரீவைகுண்டத்து அத்தை, "உங்கக்கா கல்யாணத்தைப் பாக்க எனக்குக் குடுத்துவைக்கலையேலே" என்று போனில் அழுதபோதுதான் அந்த யோசனை வந்தது. கல்யாண வீடியோவை, எந்தச் சடங்கு வேண்டுமோ அதைத் திரையிலேயே தேர்ந்தெடுக்கிற மெனுவோடு டிவிடியாகப் போட்டுக் கொடுக்கலாம். அத்தை வீட்டில் இன்னும் டிவிடி பிளேயர்தான்.

டிவிடி தயாரிக்க இறக்கிய ஒரு மென்பொருள் படத்தின் குறுக்கே தன் பெயரை எழுதியது. இன்னொன்று தமிழ் எழுத்தையெல்லாம் கட்டம் கட்டமாக்கியது. கண் எரிய எரியத் தேடி, மெனுவிலேயே குட்டிக் குட்டிப் படங்கள் ஓடுகிற ஒன்றைப் பிடித்தேன். லேப்டாப்பில் மவுஸால் தட்டிப் பார்த்தேன்; பிரமாதமாக இருந்தது.

அத்தை வீட்டில் டிஸ்க்கைப் போட்டுவிட்டு, காபி போட அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால், மெனுவே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தாம்லே இருக்கு. தாலி கட்டுததைத்தான் இம்புட்டுப் பொடிசாப் போட்டுட்ட, எங்கண்ணுக்குத் தெரியல."

"ரிமோட் எங்க, அத்தை?"

"அது எப்பவோ போச்சு. டிஸ்க்கைப் போட்டா அதுவா ஓடும்லா?"

பிளேயரில் இருந்த பொத்தான்களை அமுக்கிப் பார்த்தேன்; ரிமோட் இல்லாமல் அந்த மெனுவைத் தாண்ட வழியில்லை. இத்தனை மென்பொருளைச் சோதித்த நான், வீட்டில் எப்படிப் படம் பார்ப்பீர்கள் என்று அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அலுப்போடு பஸ் ஏறினேன். நாளைக்கு மெனுவே இல்லாமல் ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் தாலி கட்டுவதிலிருந்தே ஓட வேண்டும்.