பூல்காரர் கழுவிய கல்

தண்ணீரைப் பற்றிப் பூல்காரரிடம் யாரும் வாயைத் திறக்க முடியாது. ஒரு பெரிய குடியிருப்பின் நீச்சல் குளத்தைப் பாதி ஆயுசு பார்த்துக்கொண்ட மனுஷர். குளத்தின் அடியில் ஒரு ஹேர்பின் கிடந்தால்கூட மேலே நிற்பவருக்குத் தெரியும், அப்படி வைத்திருந்தார். சாயங்காலம் ஃபில்டரைக் கழுவாமல் வீட்டுக்குக் கிளம்பியதே கிடையாது. கடைசியில் அந்தக் குடியிருப்புக்காரர்களுக்கு நீந்துவதைவிடக் கார் நிறுத்துவது முக்கியமாகிவிட்டது. மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடினார்கள். வேலை போனது, பேர் போகவில்லை. தெருவில் இன்னமும் அவர் பூல்காரர்தான்.

வேலை போன கையோடு மனைவியின் அண்ணன் வந்து உட்கார்ந்துகொண்டார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர். நல்ல மனுஷர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"மாப்ள, சும்மா வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? நம்ம கடைக்கு வந்துடுங்க. பெருசா ஒண்ணும் தெரிய வேணாம். கேக்கற டப்பாவ எடுத்துக் குடுத்தா போதும்."

அந்தப் ‘பெருசா ஒண்ணும் தெரிய வேணாம்’ பூல்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு தொழிலை உள்ளங்கை போலத் தெரிந்து வைத்திருந்தவன், ஒன்றும் தெரியாதவனாக மச்சானின் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் நிற்பதா? செத்தாலும் அது நடக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே, "பாக்கலாம் மச்சான்" என்றார்.

அப்போதுதான் ஃபோனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. கீழே ஒரு தொட்டியில் மீன். மேலே ஒரு தொட்டி நிறைய ஜல்லிக்கல், அதில் செடி. மீனின் கழிவுத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். கல்லுக்குள் இறங்கி, செடிக்கு உரமாகி, சுத்தமாகித் திரும்ப மீனிடமே வந்துவிடும். மண்ணே வேண்டாம். அட, இது நம்ம ஏரியாவாச்சே என்று பூல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீடியோக்காரன் பைப் பூட்டுவதை எல்லாம் காட்டிவிட்டு, ‘இனிமேதான் முக்கியமான விஷயம், பொறுமை’ என்று ஆரம்பித்தான். பூல்காரர் ஃபோனை அணைத்துவிட்டார். பொறுமையைப் பற்றி இந்தப் பொடியன் எனக்குப் பாடம் நடத்துவதா?

வீட்டுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஒரு வெயில் மூலை. அதில் கொடி கட்டித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி, தெருவுக்கெல்லாம் தையலக்கா.

"மீன் வளக்கறதுக்கு என் கொடியத்தான் அவுக்கணுமா?"

"கீரை வரும், மீன் வரும். நாலு கடைக்குக் குடுக்கலாம். உங்க அண்ணன் முன்னாடி கையக் கட்டிட்டு நிக்க வேண்டியதில்ல."

தையலக்கா ஊசியில் நூல் கோத்தபடி கொஞ்சம் யோசித்தார். "சரி. மூணு தடவ பாருங்க. மூணாவது தடவையும் ஊத்திக்கிச்சுன்னா அண்ணன் கடைக்குப் போயிடணும். எனக்குக் கொடி திரும்ப வந்துடணும்."

"எனக்கா மூணு தடவ? ஒண்ணே போதும்!" என்றார் பூல்காரர். சும்மா இருந்திருக்கலாம்.

தொட்டி வைத்தார், பாதியாக அறுத்த நீல டிரம்மைச் செங்கல் மேல் ஏற்றினார், ஜல்லியைக் கொட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. குழாய்த் தண்ணீரை வேறொரு டிரம்மில் பிடித்துத் திறந்து வைத்து, குளோரின் பறந்த பிறகுதான் தொட்டியில் ஊற்றி மீன் குஞ்சு விட்டார், ஜல்லியில் கீரை நாற்று நட்டார். குளோரின் மீனுக்கு ஆகாது என்பதுகூடத் தெரியாத ஆளா அவர்? சாயங்காலம் ஆனால் நாற்றை அலுங்காமல் ஒதுக்கி வைத்து, ஜல்லியை வாரி வெளியே எடுத்து, குளத்திலிருந்து கொண்டுவந்த நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, மறுபடி நிரப்புவார். கல்லில் லேசாக வழுவழுப்பு தட்டுப்பட்டால்கூட விடமாட்டார். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு உச்சி குளிர்ந்தது.

மீன்கள் செத்துப்போயின.

முதலில் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. கீரை நாற்றுகள் மஞ்சளாகிச் சுருண்டன. பூல்காரர் முழங்கால் போட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் அப்படியே தெரிந்தது, ஒரு தூசு இல்லை. எங்கே தப்பு? மோட்டார் சத்தத்தில் பயந்திருக்குமோ என்று அதற்கடியில் ரப்பர் ஷீட் வைத்தார். வெயிலோ என்று பழைய பெட்ஷீட்டைக் கட்டினார். பக்கத்து வீட்டுப் பூனை எட்டிப் பார்த்து அதிர்ச்சியில் செத்திருக்குமோ என்றுகூட ஒரு நாள் பூனையை முறைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது தடவை குஞ்சு வாங்கி விட்டதும் அதே கதைதான்.

"மீனே சரியில்லயோ என்னவோ" என்றார் தையலக்கா, பாவம் பார்த்து.

"மீன் இல்ல, சுத்தம் பத்தல" என்றார் பூல்காரர். அன்றிலிருந்து காலையிலும் ஜல்லி கழுவ ஆரம்பித்தார்.

புது நாற்று நட்டு மூன்றாவது தடவை விட்ட குஞ்சில் பாதி ஒரு காலையில் மிதந்தன. மிச்சம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருந்தன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவருக்கு. தண்ணீரே தன்னை ஏமாற்றிவிட்டதென்று அழுகை முட்டியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போனார்.

அங்கே இன்னொரு குழப்பம் காத்திருந்தது. வெள்ளை கேட்டு வருபவர்களுக்கு வெள்ளையைக் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்கிறார்கள். பால் வெள்ளை, முத்து வெள்ளை, தந்த வெள்ளை, எல்லாம் பூல்காரர் கண்ணுக்கு ஒரே வெள்ளை. ஒரு அம்மாள் சுவரில் பாதி அடித்த பிறகு டப்பாவோடு சண்டைக்கு வந்துவிட்டார்.

"விடுங்க மாப்ள, போகப் போகப் பழகிடும்" என்று எல்லார் முன்னாடியும் தோளில் தட்டினார் மச்சான். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

இருட்டிய பிறகு வீடு திரும்புவார். சாப்பிடுவார், படுப்பார். பின்பக்கக் கதவைத் திறக்கவே மாட்டார். மிச்ச மீன் என்ன ஆனது என்று கேட்கவும் இல்லை. தையலக்காவுக்கோ தைக்கவே நேரம் போதவில்லை. மோட்டாரை அணைக்கத் தோன்றவில்லை. ஞாபகம் வந்தால் ஒரு சிட்டிகை தீனி தூவினார், வராவிட்டால் இல்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடியிருக்கும். கடைக்கு விடுமுறை. கொடியைத் திரும்பக் கட்டிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடலாமென்று ஸ்பேனரோடு கதவைத் திறந்த பூல்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

டிரம் தெரியவில்லை. அவ்வளவு கீரை, கரும்பச்சையாக. ஜல்லி முழுக்கப் பழுப்பு ஏறி வழுவழுவென்று கிடந்தது. தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. நாற்றம் இல்லை, மழை பெய்து ஓய்ந்த மண் போல ஒரு வாசனை. குனிந்தார். விரல் நீள மீன்கள் கூட்டமாக வந்து அவர் நிழலைக் கொத்தின.

"ஏம்மா! இங்க வா! இதுல என்ன போட்ட?"

"நான் என்னத்தப் போட்டேன்? ஒண்ணும் போடல."

"கல்ல எப்பக் கழுவின?"

"நல்லா கேட்டீங்க! துணி தைக்கறதா, கல்லு கழுவறதா?"

"அப்புறம் எப்படி?"

தையலக்கா தொட்டியைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், அவர் கை தானாகப் போய் எடுத்திருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். "ஏங்க, உறை ஊத்தின பாத்திரத்த காலைல ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ வெந்நீர் விட்டுக் கழுவினா, தயிர் எங்கருந்து வரும்?"

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். பூல்காரருக்குத்தான் தலை சுற்றியது. ஒரு கல்லை எடுத்துத் தடவினார். அந்த வழுவழுப்பு. மீனின் கழிவைச் செடிக்கு உரமாக்குவது கல் இல்லை, கல்லில் ஒட்டியிருக்கும் இந்த உயிர்தான். இதைத்தானே தினம் தினம் தேய்த்துத் தேய்த்துக் கழுவி ஊற்றினார்! மீன் கழிவின் விஷம் கண்ணாடித் தண்ணீருக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கொசுகூடப் பிழைக்காத தண்ணீரை வைத்துத்தான் வாழ்க்கை முழுக்க நல்ல பேர் வாங்கினார். அதே கைதான் இங்கேயும் வேலை பார்த்திருக்கிறது.

"நான்தாம்மா கொன்னேன்" என்றார். "பூனைய வேற மொறச்சேன்."

தையலக்கா சிரிக்கவில்லை. "செத்தது செத்துடுச்சு. இருக்கறதப் பாருங்க. மூணாவது தடவ பொழச்சுதுல்ல? நீங்கதான் ஜெயிச்சீங்க. அண்ணனுக்கு ஃபோன் பண்ணுங்க."

"நான் கடைக்குப் போனதாலதான இது பொழச்சுது?"

"அதுக்காகக் காலம் பூரா வெள்ள பெயிண்ட்டோட மல்லுக்கு நிக்கப் போறீங்களா?"

அவர் ஃபோனை எடுத்தார். "மச்சான், நாளைலேருந்து நான் வரல."

"ஏன் மாப்ள, வேற நல்ல வேலையா?"

"ஆமா. புது வேல. இப்பத்தான் கத்துக்கணும். ஒண்ணுமே தெரியல." சொல்லும்போது அவருக்குச் சுருக்கென்று தைக்கவில்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

பிறகு பிரஷ்ஷை மனைவியிடம் நீட்டினார். "இத எங்கயாவது ஒளிச்சு வை. எங்கன்னு எங்கிட்ட சொல்லாத."

தையலக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தையல் மெஷின் மேசையின் கீழ் இழுப்பறை திறந்து மூடும் சத்தம் கேட்டது. பூல்காரர் வெயில் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.