போளிக்குப் பின் ஒரு 'ப'

கல்லூரி நாள்களில், கோவில்பட்டி பாசஞ்சரில் எதிரே ஒரு மூக்குத்திக்காரம்மா, சின்ன மகளோடு. நெல்லையில் பாட்டுப் பள்ளிச் சேர்க்கைத் தேர்வாம். 'ச' கொடுத்தால் நேரே 'ப'வுக்குத் தாவ வேண்டும். சிறுமியோ ரி, க, ம என்று முனங்கி, படியேறித்தான் 'ப'வைத் தொட்டாள். ஒவ்வொரு தடவையும் அம்மா கண்ணை மூடி, விரலை ஆட்டி மறுத்தார்.

கடம்பூரில் போளி வாங்கினார். அவள் 'ச' பாடியதும் வாயில் ஒரு துண்டைத் திணித்தார்.

"இப்ப முனங்குட்டி, பாப்போம்!"

மென்று விழுங்கியவள் சட்டென்று 'ப' பாடினாள். மடியிலிருந்த என் புதுக் கீபோர்டில் அமுக்கிப் பார்த்தேன். அதே 'ப'!

"அங்கனயும் போளி குடுப்பாவளாம்மா?"

"குடுக்காட்டி வெறும் வாய மெல்லு."

தேர்வில் மென்றாளோ, தாவினாளோ! இன்றும் போளியைக் கடித்தால், விழுங்கியதும் காதில் அந்த 'ப' வந்து நிற்கிறது.