தூங்கவிடாமல் பெங்களூருக்கு

இந்த வலைப்பதிவில் இதுவரை அருவியும் மலையும்தான். இந்த முறை போனது காது டெஸ்டுக்கு. எங்கள் இனியாவுக்கு எட்டு மாதம். இரண்டும் நீலக் கண்கள். அவள் அம்மா அமுதாவுக்கு ஒரு கண் மட்டும் அப்படி, முன்நெற்றியில் பிறவியிலேயே ஒரு வெள்ளை முடிக்கற்றை. அந்தப் பூனைக்கண்ணைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். மகளுக்கும் வந்ததை ஊரெல்லாம் பெருமையடித்தேன். ஆனால் கூப்பிட்டால் இனியா சில நேரம் திரும்புவாள், சில நேரம் சும்மா இருப்பாள். பயம் பிடித்துக்கொண்டது.

ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு இரண்டரை மணி நேரம். குழந்தை தூங்கும்போதுதான் டெஸ்ட் எடுப்பார்களாம். அதனால் வழியில் தூங்கவிடக் கூடாது. ரயிலோ தொட்டில் மாதிரி ஆடுகிறது. பங்காருபேட்டை வருவதற்குள் என் கோமாளித்தனம் எல்லாம் தீர்ந்துவிட்டது.

எங்கே போக வேண்டும் என்று “எல்லி சார்?” எனக் கன்னடத்தில் கேட்ட ஆட்டோக்காரர், எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். “பாப்பா கண்ணு என்னா கலரு சார்! சுத்திப் போடுங்கம்மா.” அமுதா முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டாள். பிரேசர் டவுன் கிளினிக்குக்கு எண்பது ரூபாய்.

இனியாவின் கண்களைப் பார்த்ததுமே, காதுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. “என் கண்ணுதானே இவளுக்கு வந்திருக்கு டாக்டர்? அதுக்கும் காதுக்கும் என்ன?” என்று கேட்டாள் அமுதா.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. “உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்கள்தாம்மா. எந்த இடத்துல எது வேலை செய்யணும்னு சொல்ற புரோட்டீன் இருக்கு, மேஸ்திரி மாதிரி. டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேரு. நிறம் தர்ற செல்லை உருவாக்குற மேஸ்திரி முடியிலயும் கண்ணுலயும் கலர் போட வைப்பார். அதே செல் உள்காதுலயும் வேணும், கலருக்கு இல்ல, கேக்கறதுக்கு. உங்க குடும்பத்துல அந்த மேஸ்திரி பாதிதான் இருக்கார். யாருக்கு எங்க குறையும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது.”

“இதயத்துக்கும் இதனால ஏதாவது ஆகுமா?” என்றேன்.

“அங்க வேற மேஸ்திரிங்க சார். பயப்படாதீங்க.”

தலையில் ஒயர்கள் ஒட்டியதும் தெரியாமல் இனியா அம்மா மடியில் தூங்கினாள்.

“வலது காது நல்லா கேக்குது. இடதுல கேக்கல. பேச்சு வரும்மா, அடிக்கடி காட்டிட்டு மட்டும் போங்க.”

நான் வாசலுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: மாற்றுத் துணி, பால் புட்டி இரண்டிரண்டு வேண்டும். திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். நாங்கள் செய்திருந்தோம். பிளாட்பாரத்தில் அமுதா திடீரென்று நின்றாள். “ஏங்க, எப்பவும் இடது தோள்லதான் போட்டுப் பாடுவேன். அவளோட இடது காதுலதான் பாடியிருக்கேன்.” பிள்ளையை வலது தோளுக்கு மாற்றி, அந்தத் தாலாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இனியா தலையைத் தூக்கி அவள் வாயையே பார்த்தாள். எங்கள் ரயில் வந்தது, நின்றது, போய்விட்டது. பாட்டு இன்னும் முடிந்திருக்கவில்லை.