ஒதில் வாயசைக்க மாட்டாள்

"சும்மா இரு ஒதில், புருவம் கோணிடும்" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் விரல்கள் தொடைமேல் ஏதோ ஒரு மெட்டை வாசிக்கும். பஞ்சோடு குனிந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவாள். பல வருடங்களாக நடிகை ஒதிலுக்கு மேக்கப் போடுகிறேன். பாதி நாள் பின்னாலேயே நடந்துதான் போட்டிருக்கிறேன்.

முதல் படத்தில் ஊமைப் பெண்ணாக நடித்தாள். படம் பிரான்ஸ் முழுக்க ஓடியது. அப்புறம் வந்ததெல்லாம் பேசாமல் அழகாக அழும் வேடங்கள். பாரிஸில் எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரி இன்றைக்கும், "வந்துட்டாளா நம்ம ஊமைப்பொண்ணு!" என்பாள்.

அந்த எரிச்சலில்தான் பாட்டுக் கட்டத் தொடங்கினாள். சின்னச் சின்ன அரங்குகளில் பியானோ வாசித்தபடி கரகரத்த குரலில் பாடுவாள். படப்பிடிப்பில் இருந்தால் கச்சேரிக்குத் தவிப்பு. மேடையேறினால் கேமரா ஞாபகம். எங்கேயும் கால் தரிக்காது.

போன வசந்தத்தில் மார்செய் நகரில் படப்பிடிப்பு. கடைசியில் ஒரு பாடகி வேடம்! மேக்கப் நாற்காலியில் இருந்தவளிடம் இளம் இயக்குநர் காஸ்பார் வந்து, "பாட்டை வேற ஒருத்தங்க பாடிட்டாங்க. நீங்க வாயசைச்சாப் போதும்" என்றான்.

"என் வாயில இன்னொருத்தி குரலா?"

"மேல போனா உங்க குரல் உடையுதே."

"உடையட்டுமே! கதையில அந்தப் பாடகியோட புருஷன் செத்துக் கிடக்கான், தம்பி. ஜலதோஷம் பிடிச்சா படுத்திருக்கான்?"

ஒற்றைப் புருவத்தோடு அப்படியே போய்ப் பியானோ முன் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடினாள். உச்சியில் குரல் உடைந்தது. விளக்குப் பிடித்தவர் மூக்கை உறிஞ்சினார். நான் மறு புருவத்தை முடித்த பிறகு, கேமரா முன்னாலும் பாடவே செய்தாள்.

"பார்க்கலாம்" என்றான் காஸ்பார்.

படம் வெளியான அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் காட்சி வந்தது. அவள் பாடியதை அழித்துவிட்டு, வழவழப்பான வேறொரு குரலை ஒட்டியிருந்தார்கள். முன்வரிசையில் இருந்த காஸ்பார் திரும்பவேயில்லை.

கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். வெளியே போகிறாள் என்று நானும் எழப்போனேன். அவள் நின்ற இடத்திலேயே, திரையில் அசையும் தன் வாயைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தாள்.

"உட்காரும்மா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

அவள் இன்னும் சத்தமாகப் பாடினாள்.