மாத்திரை மஞ்சள்

முதலில் வந்தது குளிர்காய்ச்சல். நாமகிரிப்பேட்டையில் ஊர் நர்ஸம்மா மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் விட்டது. அடுத்த வாரம் அப்பாவின் முகமும் கண்ணும் மஞ்சளித்தன. அவருக்குத் தொண்ணூறு வயது. நான் ஒரே மகள். நான் செய்த தப்பை நீங்களும் செய்துவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

“பயப்படாத சாமி, இது மாத்திரை மஞ்சளு” என்றார் அப்பா.

இளவயதில் பர்மாவில் ரயில்பாதை வேலைக்குப் போனவர் அவர். ஜப்பான் படை வந்ததும் வடக்கே மலைக்கு ஓடினார். அங்கே கச்சின் மலைமக்கள் காட்டில் மறைந்திருந்து ஜப்பான்காரர்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஓர் அமெரிக்கக் கேப்டன். அப்பா அந்தக் கூட்டத்துக்குச் சோறாக்கினார், மூட்டை சுமந்தார்.

தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, மலேரியா மாத்திரையை ஒவ்வொருவர் வாயிலும் கேப்டனே போடுவாராம். விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். சில வாரங்களில் தோல் மஞ்சளாகிவிடும். மஞ்சளாகாதவன் மாத்திரையைத் துப்பியவன். அவனுக்கு வசவு விழும்.

“என்னையப் பாத்தா மட்டும் கேப்டன் சிரிப்பாரு. அத்தன மஞ்சளு!”

சிறுவயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் மஞ்சளித்திருந்த அந்த மூன்று வாரமும் அவர் புதிதுபுதிதாகச் சொன்னார். இருட்டில் ஆறு கடந்தது, மூங்கில் குழாயில் சோறு வெந்தது, கேப்டன் காந்தாரி மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீர் விட்டது. எங்கள் தோட்டத்தில் மஞ்சள் வேகவைக்கும் காலம் அது. வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டு வாய்பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கைகளே மஞ்சளாக இருந்தன. அவர் முகம் எனக்கு உறுத்தவில்லை. சிறுநீர் கறுத்ததையும் உடம்பெல்லாம் அரித்ததையும் அவர் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மறுபடி குளிர் தூக்கிப் போட்டபோதுதான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். பித்தநாளத்தில் (ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் குழாய்) கல் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது.

“மூணு வாரமாவா பாத்துக்கிட்டு இருந்தீங்க?” என்றார் டாக்டர்.

மாத்திரைக் கதையைச் சொன்னேன். “அந்தக் காலத்து மாத்திரை வேறங்கம்மா, இப்பக் குடுக்கறதுல தோலு மஞ்சளாகாது. கண்ணு மஞ்சளானா அன்னைக்கே வந்துடணும்.”

“பொழச்சுக்குவாருங்களா?”

“இப்பவே கல்ல எடுக்கணும். எடுத்தப்புறம்தான் சொல்ல முடியும்.”

எண்டோஸ்கோப்பிக்கு (வாய்வழியே விடும் கேமராக் குழாய்) முன் நர்ஸ் வாயைத் திறக்கச் சொன்னார். அப்பா திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினார். நான் வெளியே வந்து அழுதேன்.

கல் வெளியே வந்துவிட்டது. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, பத்தாம் நாள் வீடு. மஞ்சள் மெல்ல இறங்கியது, கதையும் நின்றுபோனது. ஒருநாள் கால் பிடித்துவிடும்போது மனசு தாங்காமல், “என்னாலதானுங்கப்பா உங்களுக்கு இத்தன கஷ்டம்” என்றேன்.

“அட, நீ ஒண்ணு சாமி. அந்த மூணு வாரமும் எனக்குப் பத்தொம்பது வயசு.”

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்துப் பிழைத்தவர் பேசுகிற பேச்சா? ஆனால் அவர் கேலி செய்யவில்லை.

அப்பா இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தார். மாதாமாதம் பரிசோதனைக்குப் போவோம். சீட்டு எழுதும் பெண் வயதைக் கேட்பாள். ஒவ்வொரு முறையும் நான் சற்று யோசித்துத்தான் சொன்னேன்.