காடு வெட்டிய பெயர்

மருத்துவரிடம் போனால் தாதி என் அப்பாவைத்தான் அழைப்பார். நான் எழுந்து போவேன். "நல்லாதாம்பி" என்று இழுப்பார். அப்பா நல்லதம்பி ஒஸ்லோவைக் கண்டதேயில்லை. நான் அகதியாக வந்திறங்கியபோது என் பெயருக்கு முன்னால் நின்ற 'ந'வை விரித்துச் சொல்லும்படி கேட்டார்கள். சொன்னேன். அதுவே குடும்பப்பெயராகி, இன்று மனைவியும் மகளும்கூட நல்லதம்பிதான். ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கோ பிடித்துப்போயிற்று. இறந்துபோன மனிதரை இந்த நாடு இன்னும் கூப்பிடுகிறதே.

மருமகன் ஆலன் வட இங்கிலாந்துக்காரன், குடும்பப்பெயர் த்வெய்ட். அது அவனுடைய தகப்பனின் சொந்தப் பெயராக்கும் என்று நினைத்து, கல்யாணத்தில் சம்பந்தியை "த்வெய்ட், வாங்கோ" என்று வாய் நிறைய அழைத்தேன். வாத்தியார் கூப்பிட்டதுபோல் மனிதர் நிமிர்ந்து நின்றார். அவர் பெயர் ஜோன் என்று பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் மகள் அபிராமி, பிறக்கப்போகும் பிள்ளையின் பெயரைப் பற்றிக் கதைத்தாள்.

"அப்பா, த்வெய்ட் எண்டு மட்டும்தான் பதியப்போறம். ரெண்டையும் சேர்த்தால் நீண்டுபோகும்."

"அப்ப அப்பப்பான்ரை பேர்?"

நம் வழக்கப்படி பார்த்தாலும் மகள் பிள்ளைக்கு என் அப்பாவின் பெயர் வராதுதான். மனம் வழக்கம் பார்க்குமா? என்னோடு அப்பா முடிந்துபோவார் என்றுதான் பட்டது.

ஆலன் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். த்வெய்ட் என்பது யாருடைய அப்பாவின் பெயரும் அல்ல என்றான். பழைய நோர்வேக்காரர் கடல் தாண்டிக் கொண்டுபோன சொல்லாம். காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருளாம். அதனால்தான் இங்கிலாந்தின் வடக்கு மலைப்பக்கம் அந்தப் பெயர் அதிகம், தெற்கே அருமை. இங்கே நோர்வேயிலேயே ஸ்தவாங்கர் நகரப் பக்கத்திலும் அதே சொல்லில் குடும்பப்பெயர்கள் உண்டாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் காணியில்லாத அப்பா கிளிநொச்சிக்குப் போய்க் காடு வெட்டி வயலாக்கியவர். அவர் உள்ளங்கையைத் தொட்டால் மரப்பட்டைபோல் இருக்கும். இப்போது அந்தக் காணியில் யார் விதைக்கிறார்களோ. இதை ஆலனிடம் சொன்னேன்.

"அப்படியென்றால் அவரும் ஒரு த்வெய்ட்தானே" என்றான்.

அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். பிள்ளை த்வெய்ட்டாகவே இருக்கட்டும் என்று மகளிடம் சொன்னேன்.

நேற்று வேலை முடிந்து, வீடிருக்கும் எல்லிங்ஸ்ருட்டுக்கு நிலக்கீழ் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ஒலிபெருக்கி "த்வெய்தா" என்று நிலையத்தின் பெயரைச் சொன்னது. அதுவும் அதே காடு வெட்டிய சொல்தான், எத்தனையோ வருடங்களாகக் கேட்ட பெயர்தான். நேற்று அப்பாவை அழைப்பதாக எண்ணி எழுந்துவிட்டேன். கதவு திறந்து மூடியது. என் வீடு இன்னும் தள்ளி இருக்கிறது. திரும்பினால் என் இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மீதித் தூரம் நின்றுகொண்டே வந்தேன், சந்தோஷமாகத்தான்.