இரண்டு குழாய்களுக்கு நடுவில்

அப்போது ஆம்பூரில் தோல் ஷாப்புக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு. பந்தல் போட்டு, சந்தின் இரு முனைகளிலும் கம்பம் நட்டு, ஒலிபெருக்கிக் குழாய்களை எங்கள் வாசலைப் பார்க்கக் கட்டியிருந்தார்கள். விடிந்ததிலிருந்து பாட்டு.

என் சின்ன மகளுக்குக் கடும் ஜுரம். தூங்கினால்தான் இறங்கும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லியிருந்தார். கண் மூடினால் பாட்டு தூக்கிப் போட்டது. நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வெளி ஆண்பிள்ளையோடு நான் பேசியதே கிடையாது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வாசற்படியில் பாட்டு சட்டென்று தேய்ந்தது. காது அடைத்துக்கொண்டதோ என்று ஓரடி தள்ளி நின்றேன், பழையபடி அலறியது. திரும்ப வந்தால், பாலாற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது போலிருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மடியில் குழந்தை தூங்கிப்போனாள்.

பந்தலில் பெண்ணின் தாய்மாமன் கத்தினார்.

"இன்னாப்பா, ரெண்டு கொழாய் கட்டிட்டு மணை போட்ட எடத்துல கொசு கத்தற மாதிரி வச்சிருக்க?"

மைக்செட்டுக்காரர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே என் படி வரைக்கும் வந்தார். சிரித்தார்.

"ஒரு கொழாய்க்கு ஒயரை மாத்தி மாட்டிட்டேண்ணா. அது காத்தைத் தள்றப்ப இது இழுக்குது. நட்டநடுவுல ரெண்டும் சரிக்குச் சரி. காத்து அசைஞ்சாத்தான சத்தம்? திருப்பிப் போட்டா இங்கதான் ஜாஸ்தி கேக்கும்."

"மாத்தாதீங்கண்ணா" என்றேன். எனக்கே கேட்காத குரல். அந்த இடத்தில் பாட்டு கம்மியாக இருந்ததால்தான் அவர் காதில் விழுந்தது.

மடியைப் பார்த்தார். "ஜுரமா அக்கா?"

தலையாட்டினேன்.

போய்க் கம்பத்தில் ஏறினார். ஒயரைத் தொடாமல் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சாப்பா?" என்றார் தாய்மாமன்.

"பாத்துக்கினே இருக்கேண்ணா."

"பாக்கறியா, கூடு கட்டறியா?"

"முட்டை வச்சிட்டு எறங்கறேண்ணா."

பந்தலில் எல்லோரும் சிரித்தார்கள். தாய்மாமனும் சிரித்துவிட்டு, பூ வந்ததா என்று பார்க்கப் போனார்.

பெண்ணை மணையில் உட்காரவைக்கும் நேரத்தில் என் மகள் தானாகவே விழித்தாள். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கஞ்சி கேட்டாள்.

கம்பத்தின் மேலிருந்தவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். ஓடு அதிர்கிற மாதிரி பாட்டு கிளம்பியது. அவள் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்தாள்.